வேங்கைக் கட்டையில் கோச் ஸ்குரூ தலை அறுந்துபோகிறது, எத்தனை எம்எம் துளை போடுவது?

வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் அம்மாவுக்காக ஊஞ்சல் ஸ்டாண்டு செய்கிறேன். பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த வேங்கை உத்தரம்தான் மரம். காய்ந்து இரும்பாகக் கிடக்கிறது. கால் 4 அங்குலச் சதுரம், அதன்மேல் 2 அங்குலச் சட்டம்.

ஸ்குரூ 10 எம்எம் தடிமன், 100 எம்எம் நீளம், 17 ஸ்பேனர் போடும் அறுகோணத் தலை, ஜிங்க் பூசியது. போன ஞாயிறு 6 எம்எம் பிட்டில் நெடுகத் துளைத்து இம்பாக்ட் டிரைவரில் முறுக்கினேன். முக்கால்வாசி இறங்கியதும் டக்கென்று தலை தனியே வந்துவிட்டது. அறுந்த முகம் பளபளவென்று இருந்தது, விரல் வைக்க முடியாத சூடு. அடுத்ததற்கு மரையில் சோப்பு தேய்த்துப் பார்த்தேன், அதுவும் அறுந்தது. மூன்றாவதைக் கையாலேயே ரிங் ஸ்பேனரில் மெதுவாக முறுக்கினேன். தலை தப்பியது, ஆனால் சட்டத்தில் ரேகை ஓடிய வழியே மயிரிழை விரிசல். சரி என்று 8 எம்எம் போட்டால் சுலபமாக இறங்கி, கடைசிச் சுற்றில் பிடிப்பில்லாமல் சும்மா சுழல்கிறது.

எங்கள் ஊர்த் தச்சர் ஆணி அடித்தால் போதும் என்கிறார். அம்மா உட்காரப்போகிற இடம், எனக்கு மனம் ஒப்பவில்லை. அறுந்த இரண்டையும் அப்படியே விட்டு, 2 அங்குலம் தள்ளிப் புதிதாகத் துளைக்கப்போகிறேன். மீதி நல்ல கட்டை இவ்வளவுதான், இன்னொரு முறை வீணாக்க முடியாது.

வேங்கை மாதிரி கெட்டி மரத்தில் இந்த 10 எம்எம் ஸ்குரூவுக்கு, மரை உள்ள பகுதிக்கு எத்தனை எம்எம் பிட், மேலே மரை இல்லாத வழவழப்பான பகுதிக்கு எத்தனை எம்எம் பிட் போட வேண்டும்?