பவளத் தொட்டியில் ஏப்டேசியா என்னும் கடற்சாமந்தி பெருகுகிறது: மீன் விட்டால் அடங்குமா?

மேட்டுலயம் (ஹட்டன்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஏறத்தாழ 300 லீற்றர் கொள்ளும் உவர்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. இறக்குமதியான மென்பவளங்களும், சோவாந்தஸ் என்னும் பவளம் போன்ற சிறு உயிர்களும், ஒரு சோடிக் கோமாளி மீன்களும் அதில் வளர்கின்றன. பவளத் துண்டு ஒன்றில் ஒட்டிக்கொண்டு வந்த கடற்சாமந்திகள் இப்போது பாறை முழுவதும் பரவிவிட்டன. அவற்றுள் சில, மெல்லிய தண்டும் கூரிய நீண்ட பரிசக்கொம்புகளும் கொண்ட, ஊடுருவித் தெரியும் பழுப்பு நிறத்தவை. கை அருகில் போனாலே பாறைத் துளைக்குள் மறைந்துவிடுகின்றன. வேறு சில குட்டையானவை, பச்சை கலந்தவை, கொம்புகளின் நுனி உருண்டவை; தொட்டாலும் மெதுவாகத்தான் சுருங்குகின்றன. இவற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் சோவாந்தஸ்கள் விரிவதே இல்லை.

சாமந்திகளைத் தின்னட்டும் என்று பெப்பர்மின்ட் இறால்களை விட்டுப் பார்த்தேன். மீன்கள் நலமாக இருக்க, இறால்கள் மட்டும் சில நாட்களில் இறந்துவிட்டன. கொப்பர்பாண்ட் வண்ணத்துப்பூச்சி மீனை விடும்படி கொழும்புக் கடைக்காரர் சொல்கிறார். பைல்பிஷ்தான் பாதுகாப்பானது என்கிறார் நண்பர் ஒருவர். எதை வாங்கலாம்? மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரைக் கரி வடிகட்டியில் விட்டு, அதில்தான் உப்புக் கலக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உவர்க்காற்று (கண்டி)

வணக்கம் தம்பி. நீங்கள் விவரித்திருப்பவை இரண்டு வேறு இனங்கள். மெல்லிய தண்டுடையது ஏப்டேசியா. நுனி உருண்ட குட்டையானது மஜானோ. மீனைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைப் பிரித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நீங்கள் குறிப்பிட்ட இரண்டு மீன்களும் பெயர் வாங்கியது ஏப்டேசியாவை உண்பதில்தான். மஜானோவை அவை தொடும் என்று நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம். ரக்கூன் வண்ணத்துப்பூச்சி மீன் இரண்டையும் மேயக்கூடியது என்றாலும், உங்கள் மென்பவளங்களையும் சோவாந்தஸ்களையும் அது விட்டுவைக்காது.

கொப்பர்பாண்ட் நீண்ட மூக்கை இடுக்குக்குள் நுழைத்துச் சிறு ஏப்டேசியாக்களைக் கொத்தி எடுப்பது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் முழு வளர்ச்சியில் 20 சென்ரிமீற்றர் வரை வரக்கூடிய அந்த மீனுக்கு 300 லீற்றர் போதாது. அத்தோடு, பிடிபட்டுக் கடைக்கு வந்தவற்றுள் பல, உணவையே தொடாமல் மெலிந்து இறந்துவிடுகின்றன. ஏப்டேசியாவைத் திரும்பியும் பார்க்காத கொப்பர்பாண்ட்களும் உண்டு. ஏப்டேசியா உண்ணும் பைல்பிஷ், நம் கரையோரத்தார் கிளாத்தி என்று அழைக்கும் மீன்களுக்கு உறவானது. 12 சென்ரிமீற்றர் அளவோடு நின்றுவிடும், உறைந்த இறாலையும் மைசிஸ் என்னும் இறால் போன்ற சிற்றுயிரையும் எளிதில் ஏற்கும். உங்கள் தொட்டிக்கு நான் அதையே சொல்வேன். ஏப்டேசியா தீர்ந்த பிறகு சில பைல்பிஷ்கள் பவளப் பொலிப்புகளைக் கொறிக்கத் தொடங்கும் என்பதால், அதற்கு உணவு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி தொட்டிக்குள் உணவு மிஞ்சவும் கூடாது, மிஞ்சுவதெல்லாம் சாமந்திகளுக்குத்தான் போகும்.

எந்த மீனும் பெரியவற்றை விட்டுச் சிறியவற்றையே முதலில் தின்னும். பெரிய ஏப்டேசியாக்களையும் மஜானோக்கள் அனைத்தையும் கல்சியம் ஐதரொட்சைட்டுக் குழம்பை ஊசியில்லாச் சிரிஞ்சால் வாய்த்தட்டின் மேல் மெல்ல இட்டு நீங்கள்தான் அழிக்க வேண்டும். ஒரே நாளில் அதிகம் இட்டால் நீரின் பி.எச். ஏறிவிடும். கத்தியால் சுரண்டுவது கூடவே கூடாது. பாறையில் எஞ்சும் அடித்தட்டுத் துணுக்கு ஒன்றிலிருந்தே புதிய ஏப்டேசியா முளைத்துவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பும் அதே பொருள்தானே என்று இங்கே யாராவது எழுதுவார்கள். அதில் நிறமும் வாசனையும் கலந்திருக்கலாம் என்பதால் நான் அதைத் தொடுவதில்லை.

தேயிலைச்சாரல் (பண்டாரவளை)

மேலே சொன்னது சரி. ஆயினும் மீன்கள் நலமாக இருக்க இறால்கள் மட்டும் இறந்ததை அப்படியே கடந்து போக முடியாது. உங்கள் பீலி எந்த மலைக்குக் கீழே வருகிறது? தேயிலைக் கொழுந்தில் கொப்புளம் போடும் நோய் 1946 இல் இலங்கைக்கு வந்ததிலிருந்து, மழைக்காலங்களில் அதற்குச் செப்பு மருந்து அடிக்கிறார்கள்; அது உங்கள் பீலியில் கலந்திருக்கலாம். மீன்கள் தாங்கிக்கொள்ளும் அளவுச் செப்பே இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சாகும். மீன்களின் வெண்புள்ளி நோய்க்குச் செப்புச் சேர்ந்த மருந்து கொடுக்க முடிவதும், அதைப் பவளத் தொட்டிக்குள் ஊற்றக் கூடாது என்பதும் இதனால்தான். உப்பின் அடர்த்தி திடீரென மாறினாலும் இறால் இறக்கும், ஆகவே செப்புத்தான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். உவர்நீருக்கான செப்புச் சோதனைப் பெட்டியால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கரி வடிகட்டியை இதில் நம்ப வேண்டாம், நீரை நுண்சவ்வு வழியாக வடிக்கும் ஆர்.ஓ. கருவியும், அதற்குப் பின்னால் எஞ்சியதைப் பிடிக்கும் ரெசினும் வேண்டும். செப்பு இருந்தால் சாமந்திகளைவிடப் பவளங்களுக்கே முதலில் கேடு.

பனிமூட்டம் (நுவரெலியா)

பெர்கியா என்னும் ஓடில்லாத சிறு கடல்நத்தையைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! ஏப்டேசியாவைத் தவிர வேறெதையும் அது உண்ணாது, பவளத்தையும் தொடாது. கிடைக்குமானால் மீனைவிட அதுவே மேல் என்பது என் கருத்து.

உவர்க்காற்று (கண்டி)

நல்ல உயிரினம்தான், ஐயா. ஆனால் பண்டாரவளை நண்பரின் ஐயம் தீரும்வரை அதற்கும் இறாலின் கதியே நேரலாம். பைல்பிஷ்ஷும் பெர்கியாவும் ஒரே தொட்டியில் இருந்தால் முன்னது பின்னதைத் தின்றுவிடவும் கூடும். இரண்டில் ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டும்.

மேட்டுலயம் (ஹட்டன்)

மிக்க நன்றி. தண்ணீரைச் சோதித்துவிட்டு, பைல்பிஷ்ஷையே வாங்குகிறேன். கொழும்பிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கொண்டுவர வேண்டும். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

உவர்க்காற்று (கண்டி)

கடையில் உங்கள் கண் முன்னே அது உணவு உண்ட பிறகே பணம் கொடுங்கள். பையில் ஒட்சிசனை முட்ட முட்ட நிரப்ப விட வேண்டாம். ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேல் இருப்பதால், மலை ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து பை உப்பும். கட்டு நெகிழ்ந்து ஒழுகவும் கூடும். நுரைப்பெட்டிக்குள் வைத்தால் இரவுக் குளிர் தாக்காது. அழுத்தக் குறைவால் நீரில் கரையும் ஒட்சிசனும் கரையோரத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவாகவே இருக்கும். 25 பாகையில் கொழும்பில் லீற்றருக்கு 6.7 மில்லிகிராம் என்றால் உங்களிடம் 5.8 அளவில்தான். எனவே நீர்ப்பரப்பைக் கலக்கும் பம்ப் இரவிலும் ஓடட்டும், மின்வெட்டுக்கு மின்கலக் காற்றுப் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். முதல் சில வாரங்கள் மீனைத் தனித் தொட்டியில் வையுங்கள். ஏப்டேசியா முளைத்த சிறு கல் ஒன்றை அதற்குள் போட்டால், இந்த மீன் தின்னும் மீனா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். தின்னாவிட்டால் பெரிய தொட்டிப் பாறைகளை எல்லாம் கலைத்து அதைத் துரத்திப் பிடிக்கும் வேலையும் இல்லை.