சிறப்பு உயர்நிலைப் பள்ளியா, தனியார் பள்ளியா? நியூயார்க்கில் கல்வியின் கடினமும் குடும்பத்தின் வசதியும்

கேள்வி: நெய்தல் (குயின்ஸ்)

வணக்கம். எங்கள் மகள் குயின்ஸில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வரும் இலையுதிர் காலத்தில் ஸ்டைவசன்ட், பிராங்க்ஸ் சயன்ஸ், ப்ரூக்ளின் டெக் முதலிய அரசின் சிறப்பு உயர்நிலைப் பள்ளிகளுக்கான எஸ்.எச்.எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வை எழுதவிருக்கிறாள். அதே பருவத்தில் இரண்டு மூன்று தனியார் பள்ளிகளுக்கும் விண்ணப்பிக்கலாம் என்றும், நிதியுதவி கிடைக்க வாய்ப்பு உண்டு என்றும் அவளுடைய கணித ஆசிரியை சொல்கிறார். என் கணவர் நகரப் போக்குவரத்துத் துறையில் வேலை செய்கிறார். நான் பகுதிநேரமாகக் கணக்கு எழுதுகிறேன். ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டிய கட்டணத்தை உதவி இல்லாமல் எங்களால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

தமிழ்ச் சங்கத்தில் பேசினால் இரண்டு விதமான பதில்கள் வருகின்றன. தேர்வெழுதி நுழையும் அரசுப் பள்ளியில்தான் உண்மையான படிப்பு இருக்கிறது, தனியார் பள்ளியில் பணக்காரப் பிள்ளைகளுக்குத் தாராளமாக மதிப்பெண் போடுகிறார்கள் என்கிறார்கள் சிலர். அரசுப் பள்ளியில் பிள்ளையைப் பிழிந்தெடுப்பார்களே தவிர யாரும் கவனிக்க மாட்டார்கள், தனியார் பள்ளியில்தான் சிந்திக்கக் கற்றுத்தருகிறார்கள் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு வகைப் பள்ளிகளையும் உள்ளிருந்து அறிந்தவர்களிடம் கேட்க விரும்புகிறேன்: படிப்பு எங்கே கடினம்? எங்களைப் போன்ற வருமானம் உள்ள வீட்டுப் பிள்ளை எங்கே கூச்சமின்றி நிமிர்ந்து நடக்க முடியும்?

பதில்: பழைய மாணவன்

சகோதரி, நான் அந்தச் சிறப்புப் பள்ளிகளில் ஒன்றில் படித்தவன். எந்தப் பள்ளி என்பது இங்கே தேவையில்லை. பாடச்சுமை கடுமையாகவே இருந்தது. அதைச் சுமத்தியவர்கள் ஆசிரியர்கள் மட்டுமல்லர். பக்கத்து இருக்கையில் இருந்தவர்களும்தான். நடுநிலைப் பள்ளியில் முதலிடத்தில் இருந்த நூற்றுக்கணக்கானோரை ஒரே கட்டடத்தில் அடைத்தால், பெரும்பாலானோர் வாழ்க்கையில் முதன்முறையாக நடுத்தர மாணவர்களாக ஆகிவிடுகிறார்கள். சிலருக்கு அது நல்ல பாடம். சிலரை அது முறித்துவிடுகிறது. ஸ்டைவசன்ட்டில் 2012-ஆம் ஆண்டு ரீஜண்ட்ஸ் எனப்படும் மாநிலப் பொதுத் தேர்வின்போது பல டஜன் மாணவர்கள் கைப்பேசி வழியே விடைகளைப் பகிர்ந்த விவகாரம் செய்தியானபோது, அந்தப் பள்ளிகளை அறிந்தவர்கள் யாரும் பெரிதாக வியப்படையவில்லை. மதிப்பெண்ணைத் தவிர வேறு அடையாளம் இல்லை என்று பிள்ளைகள் எண்ணத் தொடங்கும் இடத்தில் அது நடக்கத்தான் செய்யும்.

நிமிர்ந்து நடப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த வகையில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. என் வகுப்பில் டாக்சி ஓட்டுநரின் மகனும், உணவகச் சமையலறையில் வேலை செய்பவரின் மகளும், மருத்துவரின் மகனும் ஒரே சுரங்க ரயிலில் ஒரு மணி நேரம் பயணம் செய்து வந்தார்கள். ஸ்டைவசன்ட் மாணவர்களில் பாதியை நெருங்கும் அளவினர் இன்றும் குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். எவர் வீட்டில் எத்தனை அறைகள் என்பதை அங்கே யாரும் கேட்பதில்லை.

ஆனால் இதை வைத்து அந்தப் பள்ளிகள் வசதிக்கு அப்பாற்பட்டவை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 1971-இல் நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய ஹெக்ட்-கலாண்ட்ரா சட்டத்தின்படி, ஸ்டைவசன்ட், பிராங்க்ஸ் சயன்ஸ், ப்ரூக்ளின் டெக் ஆகிய மூன்றுக்கும் நுழைவு அந்த ஒரே தேர்வைக் கொண்டுதான் நடக்க வேண்டும். ஆங்கிலம், கணிதம் இரண்டிலும் வினாக்கள்; மூன்று மணி நேரம். நடுநிலைப் பள்ளி மதிப்பெண், ஆசிரியரின் கருத்து, நேர்முகம் எதற்கும் இடமில்லை. தேர்வு எல்லோருக்கும் பொதுவாக இருந்தாலும், அதற்கு இரண்டு ஆண்டுகள் சனிக்கிழமைதோறும் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பக்கூடிய குடும்பமும், அப்படி ஒரு தேர்வு இருப்பதையே எட்டாம் வகுப்பில்தான் கேள்விப்படும் குடும்பமும் ஒன்றாகிவிடா. 2019-இல் ஸ்டைவசன்ட் வழங்கிய 895 இடங்களில் கறுப்பின மாணவர்களுக்குக் கிடைத்தவை 7. 1980-களின் தொடக்கத்தில் ப்ரூக்ளின் டெக் மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கறுப்பினத்தவர் என்பதை நினைத்தால், இதற்குப் பிள்ளைகளின் திறமையைக் காரணம் சொல்ல முடியாது. தேர்வை நீக்க அன்றைய மேயர் டி பிளாசியோ 2018-இல் முன்வைத்த திட்டம் ஆல்பனியில் உள்ள மாநிலச் சட்டமன்றத்தில் நிறைவேறாமலே போனது. அதை எதிர்த்தவர்களில் பெரும்பகுதியினர் பணக்காரர் அல்லர், உழைக்கும் ஆசியக் குடும்பத்தினர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்களுடைய கோபத்திலும் நியாயம் இருந்தது.

பதில்: வகுப்பறை

நான் ஆங்கில ஆசிரியை. முதலில் நகர அரசுப் பள்ளியிலும் இப்போது ஒரு தனியார் பள்ளியிலுமாக இரண்டு பக்கமும் பாடம் நடத்தியிருக்கிறேன். எது கடினம் என்ற கேள்விக்கு நேரான விடை சொல்ல முடியாததற்குக் காரணம், இரண்டும் வெவ்வேறு வகையில் கடினமானவை என்பதே. அந்த வேறுபாட்டின் வேரில் பெரும்பாலும் கணக்குத்தான் இருக்கிறது.

நகர அரசுப் பள்ளியில் உயர்நிலை ஆசிரியருக்கு நாளொன்றுக்கு ஐந்து வகுப்புகள்; தொழிற்சங்க ஒப்பந்தப்படி ஒரு வகுப்பில் 34 பேர் வரை இருக்கலாம். ஐந்தும் நிரம்பினால் 170 மாணவர்கள். ஒவ்வொருவரும் ஒரு கட்டுரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் ஒதுக்கினால், திருத்துவதற்கு மட்டும் 28 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே எவ்வளவு நல்ல ஆசிரியராக இருந்தாலும், திருத்தி முடிக்கக்கூடிய வேலையைத்தான் அவரால் கொடுக்க முடியும். வினாத்தாள்களும் சிறு தேர்வுகளும் வீட்டுப்பாடமும் மிகும். ஒரே கட்டுரையை மூன்று முறை திருத்தி எழுதவைப்பது அரிதாகும். 2022-இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம் உயர்நிலை வகுப்புகளை 25 பேருக்குள் படிப்படியாகக் கொண்டுவரச் சொல்கிறது. அது முழுமையாக நடைமுறைக்கு வந்தால் நிலைமை மாறும்.

இப்போது எனக்கு நான்கு வகுப்புகள், ஒவ்வொன்றிலும் பதினைந்துக்கு மேல் இல்லை. மேசையைச் சுற்றி அமர்கிறோம். படிக்காமல் வந்த பிள்ளை ஐந்து நிமிடத்தில் வெளிப்பட்டுவிடுவாள். மாநில ரீஜண்ட்ஸ் தேர்வுகளின் கட்டாயமும் எங்களுக்கு இல்லை என்பதால், ஒரு நாவலுக்கு ஆறு வாரம் செலவிட என்னால் முடிகிறது. வீட்டுப்பாடத்தின் எடையை மட்டும் பார்த்தால் சிறப்புப் பள்ளி மாணவர்கள்தான் அதிகம் சுமக்கிறார்கள். எழுத்தைப் பற்றிக் கேட்டால், என் இன்றைய மாணவர்களிடம் நான் எதிர்பார்ப்பதை அன்றைய மாணவர்களிடம் எதிர்பார்க்க எனக்கு நேரமே இருந்ததில்லை. கணிதத்திலும் அறிவியலிலும் தராசு மறுபக்கம் சாயும். பெரிய அரசுப் பள்ளியில் உயர்நிலைக் கணிதப் பாடம் ஒன்றைத் திறந்தால் முப்பது பேர் சேர்ந்துவிடுவார்கள். சிறிய தனியார் பள்ளியில் அதற்கு நான்கு பேர் கிடைப்பதே அரிது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் தேர்வுப் பள்ளிகளைப் பற்றி அப்துல்கதிரோக்லு, ஆங்ரிஸ்ட், பாதக் ஆகிய பொருளியலாளர்கள் 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நுழைவு மதிப்பெண்ணை மயிரிழையில் எட்டியவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டபோது, பிந்தைய தேர்வு மதிப்பெண்களில் சொல்லத்தக்க வேறுபாடு எதையும் அவர்கள் காணவில்லை. பள்ளியின் புகழில் பெரும்பங்கு, ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்ததால் வந்தது என்றே அதைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எல்லைக்கோட்டிலிருந்து வெகு மேலே இருப்பவர்களைப் பற்றி அந்த ஆய்வு எதையும் சொல்லவில்லை. பிராங்க்ஸ் சயன்ஸின் ஒன்பது நோபல் பரிசாளர்களைச் சுட்டிக்காட்டும் பெற்றோருக்கும் இதே பதில்தான்: அந்தப் பிள்ளைகள் வேறு எங்கே படித்திருந்தால் என்ன ஆகியிருப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

வசதி தன் முழு வேலையையும் காட்டுவது பன்னிரண்டாம் வகுப்பில்தான். பெரிய அரசுப் பள்ளியில் கல்லூரி ஆலோசகர் ஒருவரின் பொறுப்பில் நூற்றுக்கணக்கானோர் இருப்பார்கள்; எங்களிடம் சில பத்துப்பேர்தான். பரிந்துரைக் கடிதத்தின் நீளத்திலும் நுணுக்கத்திலும் அது தெரிந்துவிடும். ராஜ் செட்டி, டெமிங், ஃப்ரீட்மன் ஆகியோர் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்.ஏ.டி.யில் ஒரே மதிப்பெண் பெற்றிருந்தும், உச்சியிலுள்ள ஒரு சதவீதச் செல்வக் குடும்பங்களின் பிள்ளைகள் ஐவி லீக் எனப்படும் புகழ்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களிலும் அவற்றுக்கு இணையான கல்லூரிகளிலும் சேர்ந்து படிக்கும் வாய்ப்பு, நடுத்தரக் குடும்பப் பிள்ளைகளுக்கு உள்ளதைப்போல் இருமடங்குக்கும் மேல். முன்னாள் மாணவரின் வாரிசு என்ற சலுகையும் விளையாட்டு வீரர் சேர்க்கையும் அதற்குக் காரணங்கள். பாடம் சாராத தகுதிகளுக்குத் தரப்படும் உயர்ந்த மதிப்பீடு இன்னொரு காரணம். அந்த மதிப்பீடு பெரும்பாலும் எங்களைப் போன்ற பள்ளிகளில்தான் உருவாகிறது. இதைச் சொல்ல எனக்குப் பெருமையில்லை, ஆனாலும் சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது.

பதில்: வட வர்ஜீனியா தந்தை

எங்கள் ஊர் அனுபவம் சிறிது வேறு. இங்கே பேச்செல்லாம் தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியைச் சுற்றித்தான். 1985-இல் தொடங்கிய அந்தப் பள்ளியில் இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வகத் திட்டம் ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும். பாடத்திட்டத்தின் வீச்சில் அதை எட்டும் தனியார் பள்ளி இந்த வட்டாரத்தில் இல்லை என்றே நினைக்கிறேன். வாஷிங்டன் வட்டாரத்தின் எட்டுத் தனியார் பள்ளிகள், கல்லூரித் தரத்திலான ஏ.பி. பாடங்களைக் கைவிடுவதாக 2018-இல் கூட்டாக அறிவித்தபோது எங்கள் நண்பர்கள் சிரித்தார்கள். ஆனால் ஏ.பி. முத்திரை இல்லாமலேயே கல்லூரிகள் தங்கள் மாணவர்களை நம்பும் என்ற உறுதி அந்தப் பள்ளிகளுக்கு இருந்தது. அப்படி ஓர் உறுதி எந்த அரசுப் பள்ளிக்கும் கிடைக்காது.

2020-இறுதியில், தாமஸ் ஜெஃபர்சன் பள்ளியை நடத்தும் ஃபேர்ஃபாக்ஸ் கல்விக் குழு அதன் நுழைவுத் தேர்வையும் 100 டாலர் விண்ணப்பக் கட்டணத்தையும் நீக்கி, ஒவ்வொரு அரசு நடுநிலைப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 சதவீத இடங்களை ஒதுக்கியது. முதல் ஆண்டிலேயே ஆசிய மாணவர்களின் பங்கு 73 சதவீதத்திலிருந்து 54 ஆகக் குறைந்தது. ஒரு சதவீதத்தைக்கூட எட்டாமல் இருந்த ஏழை மாணவர்களின் பங்கு 25-ஆக உயர்ந்தது. வழக்கு நடந்தது, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-இல் கல்விக் குழுவின் பக்கம் நின்றது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை விசாரணைக்கு ஏற்க மறுத்துவிட்டது. நம் மக்களில் பலர் இதை அநீதி என்றார்கள். நானும் முதலில் மனம் கசந்தேன். ஆனால் பழைய முறையில் வென்றவர்களில் பெரும்பாலோர் வீட்டு விலை உயர்ந்த சில நடுநிலைப் பள்ளிகளிலிருந்தே வந்தார்கள் என்பதையும் மறுப்பதற்கில்லை. நல்ல பள்ளி வட்டாரத்தில் வீடு வாங்கிக் குடியேறுவதும் ஒருவகைக் கல்விக் கட்டணமே. வங்கிக்கு மாதத் தவணையாகக் கட்டுவதால் அதை நாம் அப்படி நினைப்பதில்லை.

நெய்தல்

மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கியிருக்கிறது. உதவித்தொகையோடு தனியார் பள்ளியில் இடம் கிடைத்தால், மற்றப் பிள்ளைகளுக்கு நடுவே என் மகள் தனித்துத் தெரிவாளா?

பதில்: உதவித்தொகைத் தாய்

சகோதரி, என் மகன் அப்படித்தான் படித்தான். வகுப்பறையில் தனித்துத் தெரியவில்லை; விடுமுறை முடிந்து திரும்பும் வாரங்களில் தெரிந்தது. மற்றவர்கள் பனிச்சறுக்குப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது அவன் நூலகத்துக்குப் போய்விடுவான். யாரும் அவனை இழிவாக நடத்தவில்லை. ஆனால் நண்பன் வீட்டுக்குப் போய்வந்த பிறகு நம் வீட்டுக்கு அவர்களை அழைக்க அவன் நெடுநாள் தயங்கினான். ஆசிரியர்கள் அவனை அறிந்திருந்தது பெரிய நன்மை. பத்தாம் வகுப்பில் இயற்பியலில் அவன் தடுமாறியபோது, நாங்கள் கவனிக்கும் முன்பே ஆசிரியர் அழைத்துப் பேசினார்.

வரலாற்றைப் பார்த்தால் நியூயார்க்கில் இந்தப் பாதை புதிதன்று. 1978-இல் தொடங்கிய ப்ரெப் ஃபார் ப்ரெப் என்ற அமைப்பு, அரசுப் பள்ளிகளில் படிக்கும் வெள்ளையர் அல்லாத பிள்ளைகளைத் தேர்ந்து பயிற்சி தந்து தனியார் பள்ளிகளுக்கு அனுப்பிவருகிறது. இந்தப் பாதையில் போயிராவிட்டால், அந்தப் பிள்ளைகளில் பலர் சிறப்புப் பள்ளிகளில் இருந்திருப்பார்கள்.

விண்ணப்பிக்கும் முன் பள்ளிகளிடம் நேரடியாகக் கேட்க வேண்டியவை சில உண்டு. உதவித்தொகை ஒவ்வோராண்டும் மறுபரிசீலனைக்கு வருமா, உங்கள் கணவரின் கூடுதல் நேர ஊதியம் உயர்ந்தால் அது குறையுமா என்று எழுத்தில் கேளுங்கள். பாடநூல், மடிக்கணினி, வகுப்புப் பயணம், இசைக்கருவி ஆகியவற்றை உதவி உள்ளடக்குமா என்பதையும் கேளுங்கள்; எங்களை நெருக்கியது கட்டணம் அன்று, இவைதான். கல்லூரி ஆலோசகர் ஒருவருக்கு எத்தனை மாணவர்கள் என்ற கேள்வியை இரு வகைப் பள்ளிகளிடமும் கேளுங்கள். சிறப்புப் பள்ளிகளைப் பெற்றோர் பார்வையிடும் நாளுக்குப் போகும்போது மேடையில் பேசும் மாணவர்களை விட்டுவிட்டு, நடைவழியில் நிற்பவர்களிடம் முந்தைய இரவு எத்தனை மணிக்குத் தூங்கினார்கள் என்று விசாரிக்கச் சொல்லி மகளையே அனுப்புங்கள். பெரியவர்கள் கேட்டால் அதற்கு உண்மையான பதில் வராது.