பாராசிட்டமால் மெட்டபொலைட் (மருந்து உடலில் மாறி உண்டாகும் பொருள்): 328 என்ற நிறை எண்ணில் மாட்டிக்கொண்டேன், யாராவது உதவுங்கள்

வணக்கம். எலிக் கல்லீரல் எஸ்9-இல் (நொதிகள் உள்ள கல்லீரல் சாறு) பாராசிட்டமாலைப் போட்டு, நொதிகளுக்குத் துணையான என்ஏடிபிஎச், குளுக்குரோனிக் அமிலத்தைத் தரும் யுடிபிஜிஏ, நச்சைப் பிடிக்கும் குளுட்டாதயோன் மூன்றையும் சேர்த்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, எல்சி-எம்எஸ்ஸில் (பொருள்களைப் பிரித்து நிறையை அளக்கும் கருவி) பாசிட்டிவ் மோடில் ஓட்டினேன். 152-இல் மருந்து பளிச்சென்று நிற்கிறது. சிக்கல் 328-இல்தான்.

மருந்தின்மேல் குளுக்குரோனிக் அமிலம் ஏறிக் குளுக்குரோனைடு ஆனால் 152 கூட்டல் 176, அதாவது 328. ஆனால் மருந்திலிருந்து, கல்லீரலைக் கெடுக்கும் நாப்கி என்ற நச்சுப் பொருள் உருவாகி அதைக் குளுட்டாதயோன் பிடித்துக்கொண்டால் 457 வர வேண்டும், அது கருவியின் அயன் மூலத்திலேயே (மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் தரும் பகுதி) உடைந்து 129-ஐ இழந்தால் அதுவும் 328! என் படத்தில் 328 ஒரே சிகரமாக இல்லை, வலது பக்கம் தோள் மாதிரி சரிந்து நிற்கிறது, 457-உம் ஏறக்குறைய அந்தத் தோள் இருக்கும் நேரத்தில்தான் லேசாக எட்டிப் பார்க்கிறது.

எங்களிடம் டிரிப்பிள் குவாட் (நிறையை நுட்பமாகப் பிரிக்காத வகை எம்எஸ்) மட்டுமே. 328.103, 328.096 என்று பிரித்துக் காட்ட அதனால் முடியாது. கோன் வோல்டேஜைக் (அயன் மூலத்தில் மூலக்கூறை உடைக்கக்கூடிய மின்னழுத்தம்) குறைத்தால் தோள் அடங்குமா? குளுக்குரோனைடை வெட்டும் பீட்டா குளுக்குரோனிடேஸ் நொதியைப் போட்டு எது மறைகிறது என்று பார்ப்பது நல்லதா, இல்லை யுடிபிஜிஏ இல்லாமல் திரும்ப ஓட்டினால் போதுமா? அப்புறம், இரண்டையும் நன்றாகப் பிரித்த எல்சி காலம் (column, பிரிக்கும் குழாய்), கிரேடியன்ட் (கரைப்பான் கலவையை மாற்றும் முறை) விவரம் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அதிக அளவில் விழுங்கியவர்களுக்கு நாப்கிதான் எமன் என்பதால், 457-ஐத் தப்பாக எண்ணிவிடக் கூடாது என்று மனசு அடித்துக்கொள்கிறது. மீதி மாதிரி மைனஸ் 80-இல் பத்திரமாக இருக்கிறது.