பழைய நாலு டிராக் கேசட் ரெக்கார்டர்: சுருதி ஆடுகிறது, ட்ரெபிள் இல்லை. ஸ்க்ரூவைத் திருப்பலாமா?

நாலாவது_டிராக்:

வணக்கம். அண்ணன் பயன்படுத்திய, நான்கு ஒலிகளைத் தனித்தனியாகப் பதியும் நாலு டிராக் கேசட் ரெக்கார்டர் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. 1980களின் கடைசியில் வந்த வகை, மிக்ஸரும் டெக்கும் ஒரே பெட்டிக்குள், இரைச்சலைக் குறைக்கும் டிபிஎக்ஸ் உண்டு, சாதாரண டெக்கின் வேகத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். பல வருடமாக அலமாரியில் சும்மா கிடந்தது. பவர் வருகிறது, கேசட் சுற்றுகிறது, ஆனால் நீளமாக இழுக்கும் எந்த ஸ்வரமும் நேராக நிற்கவில்லை, மேலும் கீழும் ஆடுகிறது. எல்லாமே போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல மந்தமாகக் கேட்கிறது. மூன்றாவது டிராக் மற்றவற்றைவிடச் சன்னமாக இருக்கிறது. ஒலி அளவை ஏற்றி இறக்கும் ஃபேடரைத் தொட்டாலே கரகரப்பு.

கூடவே அவர் பதிவு செய்து வைத்த பழைய கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. முதலில் அவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும், அப்புறம் இதிலேயே நானும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். சாலிடரிங் தெரியும், ஆனால் டேப் இயந்திரத்தைத் திறந்து பழக்கமில்லை. ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறது, அதைத் திருப்பினால் ட்ரெபிள் திரும்பி வரும் என்று படித்தேன். திருப்பலாமா?

பின்ச்ரோலர்:

ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள். இப்போதைக்கு அது இருக்கிறது என்பதையே மறந்துவிடுங்கள்.

சுருதி ஆடுவது அநேகமாக ரப்பர் விவகாரம். அந்தக் காலத்து பெல்ட்டுகள் ஒன்று தளர்ந்து நீண்டுபோயிருக்கும், இல்லையென்றால் உருகித் தார் மாதிரி ஆகியிருக்கும். தாராகியிருந்தால் கையுறை போட்டுக்கொண்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஃப்ளைவீல், மோட்டார் புல்லி இரண்டையும் சுத்தமாகத் துடைத்து எடுக்க வேண்டும். இதில் அவசரப்படக் கூடாது, புல்லியில் ஒரு சின்னத் திட்டு ஒட்டியிருந்தால் போதும், புது பெல்ட் போட்ட பிறகும் ஒவ்வொரு சுற்றுக்கும் சுருதி ஒரு துள்ளு துள்ளும். பழைய பெல்ட்டை அளந்து அதே அளவில் வாங்காதீர்கள், அது இழுபட்டு நீண்டிருக்கும், கொஞ்சம் சிறியதாகத்தான் வாங்க வேண்டும். தட்டையான பெல்ட்டா சதுரமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பின்ச் ரோலர், அதாவது கேப்ஸ்டன் என்ற சுழலும் உலோகத் தண்டோடு டேப்பை அழுத்தி இழுக்கும் உருளை. கறுப்பு ரப்பர் கண்ணாடி மாதிரி பளபளத்தால் அதற்குப் பிடிமானம் போய்விட்டது என்று அர்த்தம், டேப் நேராகப் போகாமல் சரிந்து ஏறும், சுருதியும் கெடும், ட்ரெபிளும் போகும். மென்மையான சோப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடையுங்கள். ஆல்கஹாலை அடிக்கடி போட்டால் ரப்பர் காய்ந்து வெடிக்கும், அது உலோகத்துக்கு மட்டும். துடைத்த பிறகும் பளபளப்பு போகவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

ஹெட், கேப்ஸ்டன், டேப் உரசிப்போகும் உலோகப் பாகங்கள் எல்லாவற்றையும் 99 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள். பஞ்சில் பழுப்பு நிறம் வருவது நிற்கிறவரை விடாதீர்கள். கேசட் டேப்பின் மொத்த அகலமே 3.81 மி.மீ., அதில் நான்கு டிராக்கும் நடுவில் இடைவெளியும் அடங்க வேண்டும் என்றால் ஒரு டிராக்குக்கு ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடைக்காது. ஹெட்டில் அந்த இடத்தில் ஒட்டியிருக்கும் கடுகளவு அழுக்கே உங்கள் மூன்றாவது டிராக்கை அமுக்கியிருக்கலாம். டிபிஎக்ஸ் வேறு இதை இரட்டிப்பாக்கும். பதியும்போது ஒலியை இரண்டுக்கு ஒன்றாகச் சுருக்கி, திரும்பக் கேட்கும்போது அதே விகிதத்தில் விரிப்பது அதன் வேலை, அதனால் ஹெட்டில் 3 டெசிபெல் குறைந்தால் உங்கள் காதுக்கு 6 டெசிபெல் குறைந்து வரும்.

அப்புறம் டீமேக்னடைசர், ஹெட்டில் ஏறிய காந்தத்தை நீக்கும் கருவி. இயந்திரம் அணைந்திருக்க வேண்டும், கேசட்டுகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஹெட்டிலிருந்து கை நீளத் தூரத்தில் வைத்து ஆன் செய்து, மெதுவாகக் கொண்டுவந்து, மெதுவாகவே விலக்கி, மறுபடி அதே தூரத்துக்குப் போன பிறகுதான் ஆஃப். ஹெட் பக்கத்தில் வைத்து ஆஃப் செய்தால் முன்பைவிட அதிகமாகக் காந்தம் ஏறும்.

ஃபேடர் கரகரப்புக்கு, ஃபேடருக்கென்றே வரும் வழவழப்புள்ள கான்டாக்ட் கிளீனர் ஒரு துளி விட்டு, பல தடவை மேலும் கீழும் நகர்த்தினால் போதும். துரு நீக்குகிற எண்ணெய் எதையும் உள்ளே விடாதீர்கள்.

சுருள்நாடா:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஸ்க்ரூவை மறந்துவிடுங்கள் என்பதோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஹெட்டுக்குப் பக்கத்தில் நீங்கள் பார்த்த அந்த அஸிமத் ஸ்க்ரூ டேப்புக்கும் ஹெட்டின் இடைவெளிக்கும் உள்ள கோணத்தை மாற்றுகிறது. 90 டிகிரியிலிருந்து மயிரிழை விலகினாலும் முதலில் போவது ட்ரெபிள்தான். கேள்வி என்னவென்றால், உங்களுடைய மந்தத்துக்குக் காரணம் அதுதானா என்பது. இதைக் கண்டுபிடிக்க ஒரு நேரான வழி இருக்கிறது.

எல்லாம் துடைத்து பெல்ட்டும் மாற்றிய பிறகு ஒரு புது கேசட்டில் எதையாவது பதிந்து திரும்பக் கேளுங்கள். புதுப்பதிவும் மந்தமாக இருந்தால் பிரச்சினை அஸிமத் இல்லை, ஏனென்றால் பதிந்ததும் படிப்பதும் அதே ஹெட், கோணல் என்றாலும் இரண்டு வேலையிலும் அதே கோணல்தான். அப்போது ஹெட் தேய்மானம், பயாஸ் (பதியும்போது ஒலியோடு சேர்க்கும் உயர் அதிர்வெண் மின்னோட்டம்), எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் என்று பார்க்க வேண்டும். புதுப்பதிவு பளிச்சென்றும் பழையவை மந்தமாகவும் இருந்தால் நடுவில் யாரோ ஸ்க்ரூவைத் திருப்பியிருக்கலாம், அல்லது அந்தக் கேசட்டுகள் வேறு இயந்திரத்தில் பதிந்தவையாக இருக்கலாம்.

ஒன்று முக்கியம், இந்தச் சோதனைக்கு டைப் டூ (குரோம் வகை) கேசட்தான் வேண்டும். இந்த வகை ரெக்கார்டர்கள் பெரும்பாலும் அதற்கென்றே பயாஸ் வைத்தவை. சாதாரண டைப் ஒன் போட்டால் பயாஸ் அதிகமாகி ட்ரெபிள் தானாகக் குறையும், நீங்கள் ஹெட்டைச் சந்தேகிப்பீர்கள். சி-60 போதும், நான்கு டிராக்கும் ஒரே திசையில் பதிவதால் இரட்டை வேகத்தில் 15 நிமிடம் கிடைக்கும். சி-90 டேப் மெல்லியது, சி-120 பக்கமே போகாதீர்கள்.

வேகத்தையும் சரிபாருங்கள். 3000 ஹெர்ட்ஸ் சோதனைக் கேசட் என்பது சாதாரண வேகத்துக்குப் பதிந்தது, உங்கள் இயந்திரத்தில் அது 6000 காட்ட வேண்டும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் கன்ட்ரோல் நடுவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அளக்கவும்.

நாலாவது_டிராக்:

இருவருக்கும் நன்றி. பெல்ட் உண்மையிலேயே தாராகியிருந்தது. மாற்றிவிட்டேன், சுருதி நிற்கிறது. மூன்றாவது டிராக் துடைத்ததுமே எழுந்துவிட்டது! புதுப்பதிவு நன்றாக, தெளிவாக இருக்கிறது. ஆனால் பழைய கேசட்டுகளில் சில தெளிவு, சில இன்னும் மந்தம். இனி என்ன செய்வது?

அப்புறம் இன்னொரு கேள்வி. கம்ப்யூட்டரில் எத்தனை டிராக் வேண்டுமானாலும் கிடைக்கும்போது, இந்த நான்கை வைத்து அதில் வராத எதைச் செய்யலாம்?

தலைகீழ்நாடா:

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன், ஏனென்றால் எனக்கு இந்தப் பெட்டிகள் மேல் பிரியமே அதனால்தான். 1979ல் டியாக்கின் போர்ட்டாஸ்டூடியோ 144 வந்தபோது, வீட்டில் ஒரு மேஜையில் தனியாக உட்கார்ந்து ஒன்றன் மேல் ஒன்றாகப் பதியலாம் என்பது சாதாரண கேசட்டிலேயே கிடைத்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இன்று அது பெரிய விஷயமில்லை, ஆனால் டேப்பைக் கையால் எடுத்துத் திருப்பிப் போடலாம் என்பது இன்றும் பெரிய விஷயம்தான்.

தலைகீழ் ரிவெர்ப் (எதிரொலி) செய்து பாருங்கள். குரலை டிராக் 1ல் பதியுங்கள். கேசட்டை எடுத்து மறுபக்கம் போட்டால் 1 என்பது 4 ஆகிவிடும், 2 என்பது 3, எல்லாம் பின்னோக்கி ஓடும். இப்போது 4ல் வரும் பின்னோக்கிய குரலை ரிவெர்புக்கு அனுப்பி, ரிவெர்பை மட்டும் டிராக் 2ல் பதியுங்கள். ரெக்கார்ட் பட்டன் 4ல் இருந்தால் மூலக் குரல் அழிந்துவிடும், அதனால் பதிவதற்கு முன் எண்ணை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மறுபடி திருப்பிப் போட்டால் ரிவெர்ப் டிராக் 3ல் இருக்கும், ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அதன் எதிரொலி மெல்ல ஊதிப் பெருத்து வந்து சொல்லில் போய் முடியும். இதைக் கம்ப்யூட்டரிலும் செய்யலாம்தான். ஆனால் இங்கே ரிவெர்ப் பதியும்போது ஃபேடரில் உங்கள் விரல் இருக்கிறது, சொல்லின் நீளத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கலாம்.

பிட்ச் கன்ட்ரோலை வாத்தியமாகவே நினையுங்கள். ஏறத்தாழ 6 சதவீதம் மாற்றினால் ஒரு அரை ஸ்வரம். கிட்டாரை ஒரு முறை நடு வேகத்தில் பதிந்து, இன்னொரு முறை கொஞ்சம் வேகம் குறைத்து, அந்தச் சுருதிக்குத் தந்தியை இறக்கி வாசித்துப் பதிந்து, பிறகு இயல்பு வேகத்தில் சேர்த்துக் கேளுங்கள், இரண்டாவது கிட்டாரின் உடலே சின்னதாகிவிட்டது போல வரும். நான்கு டிராக்கிலும் ஒவ்வொரு ஸ்வரத்தை நிமிடக்கணக்கில் இழுத்துப் பதிந்துவைத்து, நான்கு ஃபேடரையும் இரண்டு கையால் வாசிப்பது இன்னொரு வழி. எனக்கு எல்லாவற்றிலும் இதுதான் பிடித்தது, மிக்ஸர் அங்கே ஒரு வாத்தியமாகிவிடுகிறது.

டிபிஎக்ஸைப் போட்டுப் பதிந்துவிட்டு, கேட்கும்போது அணைத்தும் பாருங்கள். டிரம்ஸ் நசுங்கி, மூச்சு மாதிரி ஒரு இரைச்சலோடு முன்னால் வந்து நிற்கும். டேப்பை மீட்டரின் சிவப்புக்கு விரட்டி நெளிக்க வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் டிபிஎக்ஸ் இல்லாமல் செய்யுங்கள்.

டிராக்குகளை ஒன்றாக்கி இன்னொரு டிராக்குக்கு மாற்றும்போது ஒவ்வொரு தடவையும் ட்ரெபிள் கொஞ்சம் போகும், ஆகவே பேஸ் மாதிரியானவற்றை முதலில் மாற்றி, குரலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சுருள்நாடா:

மந்தமான கேசட்டுகள் பற்றி: புதுப்பதிவு தெளிவாக இருப்பதால் இப்போது ஸ்க்ரூவுக்கு வேலை வந்துவிட்டது, ஆனால் வரிசை இது. முதலில் எல்லாப் பழைய கேசட்டிலும் பின் விளிம்பிலுள்ள சின்னப் பாதுகாப்புப் பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள், தவறி ரெக்கார்ட் விழாது. தெளிவாக இருப்பவற்றை இப்போதுள்ள நிலையிலேயே மாற்றிவிடுங்கள். நான்கு டேப் அவுட்டையும் நான்கு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸில் ஒரே ஓட்டத்தில் வாங்குங்கள். இரண்டிரண்டாக வாங்கினால் ஒவ்வொரு ஓட்டத்திலும் வேகம் துளி வித்தியாசப்படும், பிறகு அவை ஒன்றோடொன்று ஒட்டாது.

அதற்குப் பிறகுதான் மந்தமானவை. ஸ்க்ரூவின் இப்போதைய நிலையைப் படம் எடுத்து, அதன் தலையில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். காந்தமில்லாத ஸ்க்ரூடிரைவர். டிபிஎக்ஸை அணைத்து, கேசட் ஓடும்போதே சிம்பல் அல்லது ச, ஷ ஒலிகள் வரும் இடத்தில் துளித்துளியாகத் திருப்புங்கள், பெரும்பாலும் கால் சுற்றுக்குள்ளேயே அது பளிச்சென்று திறக்கும். அந்தக் கேசட்டை டிபிஎக்ஸ் போட்டு மாற்றிவிட்டு, அடுத்த கேசட்டுக்கு மறுபடி காதால் தேடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு கோட்டுக்குத் திரும்புங்கள், முடிந்தால் 10 கிலோஹெர்ட்ஸ் சோதனைக் கேசட்டில் ஒருமுறை சரிபார்த்து, ஸ்க்ரூவின் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துவிட்டால் நகராது.

அண்ணனிடம் கேட்க முடிந்தால், பதியும்போது பிட்ச் கன்ட்ரோல் எங்கே இருந்தது என்று கேளுங்கள். கேசட் அட்டையிலேயே எழுதியிருக்கவும் கூடும்.