கிளவுஸ் பார்பி தப்பிய பாதை: அமெரிக்க உளவுப் பிரிவு செய்தது காலத்தின் கட்டாயமா?

வைகறை:
நாஜிக் குற்றவாளிகள் தென் அமெரிக்காவுக்குத் தப்பியதைப் பேசும்போதெல்லாம் ரோமாபுரிப் பாதிரிமார், ஜனாதிபதி பெரோனின் அர்ஜென்டினா என்ற இரண்டோடு நாம் நின்றுவிடுகிறோம். ஓர் அரசின் உளவுப் பிரிவே பணம் கொடுத்து, பொய்ப் பெயரில் ஆவணம் எடுத்து, கப்பலேற்றி அனுப்பிவைத்த ஒருவரைப் பற்றி இங்கே பேச விரும்புகிறேன்.

கிளவுஸ் பார்பி பிரான்ஸின் லியோன் நகரில் நாஜிகளின் ரகசியக் காவல்படையான கெஸ்டபோவின் தலைவராக இருந்தவர். 1944 ஏப்ரல் 6 அன்று இஸியூ என்ற மலைக் கிராமத்தில் யூதக் குழந்தைகள் ஒளிந்திருந்த இல்லத்தை அவருடைய ஆட்கள் சுற்றி வளைத்தார்கள். அன்று மாலையே பாரிஸுக்கு அவர் அனுப்பிய தந்தியில், 3 முதல் 13 வயது வரையிலான 41 குழந்தைகள் பிடிபட்டதாகவும், பணமோ விலைமதிப்புள்ள பொருளோ கைப்பற்ற முடியவில்லை என்றும் இருக்கிறது. உண்மையில் பிடிபட்ட குழந்தைகள் 44 பேர். அவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. இந்த மனிதரைத்தான் 1947இல் சி.ஐ.சி. என்ற அமெரிக்க ராணுவ எதிர் உளவுப் பிரிவு சம்பளத்துக்கு அமர்த்தியது. 1951இல் 'கிளவுஸ் ஆல்ட்மான்' என்ற பெயரில் ஜெனோவா வழியாக பொலிவியாவுக்கு அனுப்பியது. இதை எந்தக் கணக்கில் நியாயப்படுத்த முடியும்?

கூடல்:
நண்பர் வைகறையின் கோபம் நியாயமானது. ஆனாலும் இன்றைய வெளிச்சத்தில் நின்றுகொண்டு அன்றைய ஜெர்மனியைப் பார்ப்பது சரியாகாது. 1947இல் ஜெர்மனியின் அமெரிக்க ஆக்கிரமிப்பு வலயத்தில் இருந்த இளம் அதிகாரிகளில் பலருக்கு ஜெர்மன் மொழியே சரியாகத் தெரியாது. எதிரே சோவியத் ஒன்றியம் கிழக்கு ஐரோப்பாவை ஒவ்வொரு நாடாகத் தன் பிடிக்குள் கொண்டுவந்துகொண்டிருந்தது. அடுத்த ஆண்டே மேற்கு பெர்லினுக்கான வழிகளைச் சோவியத் அடைத்த பெர்லின் முற்றுகை வந்தது. அந்நிலையில், களத்தை அறிந்த ஒருவரைப் பயன்படுத்திக்கொண்டதற்காக அந்த அதிகாரிகளைக் கண்டிக்க முடியாது என்று, 1983இல் அமெரிக்க நீதித்துறைக்காக இதை விசாரித்த ஆலன் ரயனின் அறிக்கையே சொல்கிறது. 1948இல் பிரெஞ்சு அதிகாரிகளே பார்பியை நேரில் சந்தித்து விசாரித்துவிட்டு, அவரை விட்டுவிட்டுத்தான் திரும்பினார்கள். யூதர்களை மரண முகாம்களுக்கு அனுப்பும் வேலையை நடத்திய ஐக்மனும் ஆஷ்விட்ஸ் முகாம் மருத்துவர் மெங்கலேயும் தப்பிய வழியில் சி.ஐ.சி.க்குப் பங்கில்லை. ஒரே ஒரு வழக்கைக் கொண்டு உளவுத்துறைகள் முழுவதன் மீதும் பழி சுமத்துவதை நான் ஏற்கவில்லை.

வைகறை:
அதே அறிக்கையின் மறுபாதியை நண்பர் விட்டுவிட்டார். 1947இல் வேலைக்கு எடுத்தது ஒரு முடிவு. 1950இல் மறைத்தது முற்றிலும் வேறொரு முடிவு. பிரெஞ்சு எதிர்ப்பியக்கத் தலைவர் ழான் மூலானை ஜெர்மானியரிடம் காட்டிக்கொடுத்ததாக அதே இயக்கத்தைச் சேர்ந்த ரெனே ஆர்டி மீது நடந்த வழக்கில் பார்பியின் பெயர் அடிபட்டு, பிரான்ஸ் அவரை ஒப்படைக்கச் சொல்லி வற்புறுத்தியபோது, அவர் இருக்குமிடம் தெரியாது என்று சி.ஐ.சி. ஜெர்மனியில் இருந்த தன் சொந்த நாட்டு உயர் ஆணையர் அலுவலகத்துக்கே பொய் சொன்னது. அப்போது அவர் அவர்களுடைய பாதுகாப்பில்தான் இருந்தார். ரயனின் அறிக்கை இதை நீதிக்குத் தடை செய்த குற்றமாகவே பார்க்கிறது; அமெரிக்கா பிரான்ஸிடம் வருத்தம் தெரிவித்ததும் இதற்காகத்தான்.

1951இல் பார்பியால் அவர்களுக்குப் பெரிய பயன் எதுவும் மிச்சமில்லை. தங்கள் வேலைமுறையை அறிந்தவர் பிரெஞ்சு நீதிமன்றத்தில் வாய் திறந்துவிடுவாரோ என்ற அச்சம் மட்டும் மிச்சமிருந்தது. சோவியத் ஆபத்தைக் காட்டி 1947ஐ விளக்கலாம், 1951ஐ விளக்க முடியாது.

கூடல்:
மறைத்ததை நான் எங்கும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தப் பாதையே குற்றவாளிகளுக்காகப் போடப்பட்டது என்ற எண்ணம் பரவக் கூடாது. சி.ஐ.சி.யினர் 'எலிப் பாதை' என்று அழைத்த அது, முதலில் ஆஸ்திரியாவில் சோவியத் பக்கத்திலிருந்து தப்பி வந்தவர்களுக்காகவும் தகவல் கொடுத்தவர்களுக்காகவும் உருவானது. திருப்பி அனுப்பினால் அவர்களுக்குக் காத்திருந்தது சிறைமுகாமோ மரணமோதான். இப்படிப்பட்டவர்களை விளம்பரம் செய்துகொண்டு காப்பாற்ற முடியாது. மேலும், போர்க்குற்றச் சந்தேகம் உள்ள இன்னொருவர் இவ்வழியே அனுப்பப்பட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும் ரயன் எழுதியிருக்கிறார்.

வைகறை:
அந்தப் பாதையை நடத்த யாரை நம்பினார்கள் என்பதையும் பாருங்கள். ரோமில் இருந்த குரோஷியப் பாதிரியார் குருனோஸ்லாவ் திரகனோவிச் ஓர் ஆளுக்குச் சுமார் 1,000 டாலரிலிருந்து 1,400 டாலர் வரை வாங்கிக்கொண்டு செஞ்சிலுவைச் சங்கப் பயண ஆவணமும் தென் அமெரிக்க விசாவும் ஏற்பாடு செய்தார். உஸ்தாஷா என்ற குரோஷியப் பாசிச இயக்கத்து ஆட்களைத் தப்பவைத்தவரும் அவரே. அவர் பாசிசவாதி என்று தங்கள் கோப்பிலேயே குறித்து வைத்துக்கொண்டுதான் சி.ஐ.சி. அவரிடம் பணம் கொடுத்தது. அகதிக்கும் கொலையாளிக்கும் ஒரே தரகர், ஒரே ஆவணம், கேள்வி கேட்க யாருமில்லை என்றானபின் பார்பி அதில் ஏறியதை விபத்து என்று என்னால் எண்ண முடியவில்லை.

நெய்தல்:
இருவருமே 1951இல் நின்றுவிட்டீர்கள். அதன் பிறகு நடந்ததுதான் என்னை அதிகம் வருத்துகிறது. பொலிவியாவில் பார்பி ஒடுங்கிக் கிடக்கவில்லை. குடியுரிமை பெற்றார், ராணுவ ஆட்சியாளர்களுக்கு ஆலோசகரானார், 1960களில் மேற்கு ஜெர்மன் உளவுத்துறையிடமும் சிறிது காலம் பணம் வாங்கினார். நாஜிக் குற்றவாளிகளைத் தேடிக் கண்டுபிடித்த பியாட்டே கிளார்ஸ்ஃபெல்ட் என்ற பெண்மணி அவரை 1972இல் அம்பலப்படுத்திய பிறகும், ராணுவ ஆட்சி முடிந்து 1983 பிப்ரவரியில் நாடு கடத்தப்படும் வரை பதினோர் ஆண்டுகள் ஓடின.

இதற்குள் சட்டமே கைவிட்டுப் போயிருந்தது. அவர் இல்லாமலேயே 1952லும் 1954லும் பிரான்ஸில் விதிக்கப்பட்ட மரண தண்டனைகள் காலாவதியாகிவிட்டன. போர்க்குற்றங்களுக்கான இருபதாண்டு வரம்பும் கடந்துவிட்டதால், 1987இல் லியோன் நீதிமன்றத்தில் அவர் மீது மனித குலத்துக்கு எதிரான குற்றங்களை மட்டுமே சுமத்த முடிந்தது. இஸியூ குழந்தைகளுக்காக அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது; தன் பிடியில் சித்திரவதைக்குள்ளாகி இறந்த மூலானுக்காகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆயுள் தண்டனை பெற்று நான்கே ஆண்டுகளில் சிறையில் இறந்தார். அந்தக் கப்பல் பயணம் அவருக்கு வாங்கிக் கொடுத்தது இந்த முப்பது ஆண்டுகளைத்தான்.

ஐக்மன் தப்பியதில் அமெரிக்கர்களுக்குப் பங்கில்லை என்று கூடல் சொன்னது சரி. ஆனால் ஐக்மன் அர்ஜென்டினாவில் இருப்பதாக மேற்கு ஜெர்மன் உளவுத்துறை 1958 மார்ச்சிலேயே சி.ஐ.ஏ.வுக்குத் தெரிவித்திருந்தது 2006இல் வெளியான ஆவணங்களில் இருக்கிறது; இஸ்ரேல் அவரைப் பிடித்தது 1960 மே மாதத்தில். அந்த இரண்டு ஆண்டுகள் இரு துறைகளும் கைகட்டி இருந்ததை எந்தக் கட்டாயத்தில் சேர்ப்பது என்று கூடல் விளக்கினால், அதிலிருந்து தொடரலாம்.