புதுப்பிப்பு: ஏழாவது மாடியில் கம்பி அடித்தாயிற்று

போன வாரம் எழுதியிருந்தேன்: சிங்கப்பூரில் எங்கள் கட்டட சைட்டில் ஏழாவது மாடி லிஃப்ட் குழி வாயிலில் தடுப்புக் கம்பி இல்லை, வெறும் சிவப்பு நாடாதான் என்று. 'மனிதவள அமைச்சுக்குச் சொல்லுங்கண்ணே' என்றீர்கள். முதலில் சேஃப்டி ஆபீசரைக் கையோடு கூட்டிப்போய்க் காட்டினேன். அன்று மாலையே கம்பி அடித்துவிட்டார்கள்.

2 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள திறப்புக்குத் தடுப்போ மூடியோ சட்டப்படி கட்டாயம். 3 மீட்டரைத் தாண்டினால் வேலைக்குப் பெர்மிட்டும் (எழுத்துமூல அனுமதி) வேண்டும். பெர்மிட்டில் கையெழுத்து இருந்தது, இடத்தை யாரும் போய்ப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கை, அதாவது வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புப் பேச்சை, தமிழிலும் நடத்துகிறார்கள். நேற்று, ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பி ஒருவன், "அண்ணே, சேஃப்டி பெல்ட் கொக்கியை எங்க மாட்டணும்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். இதுவரை யாரும் கேட்டதில்லை. வேலைக்காகக் கம்பியைக் கழற்றினால் திரும்ப மாட்டுவது யார் பொறுப்பு? திங்கட்கிழமை கேட்கப்போகிறேன்.