சிவப்பு விரல் பஞ்சின் நுனி வெளுக்கிறது, காப்பாற்ற முடியுமா?

பாயான்_லெப்பாஸ்_டேங்க்:
வணக்கம். பினாங்கில் பிளாட் வீடு, மூன்றடி உப்புத்தண்ணீர் டேங்க், சம்ப்போடு (கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) சேர்த்து 200 லிட்டர் வரும். போன மாதம் கடையில் சிவப்பு விரல் பஞ்சு ஒன்று வாங்கினேன், விரல் விரலாக வளரும் உயிருள்ள கடற்பஞ்சு. வந்த புதிதில் நல்ல இரத்தச் சிவப்பாக இருந்தது. இப்போது இரண்டு விரல்களின் நுனி வெளுத்து உள்ளே இருக்கும் நார் தெரிகிறது, விளக்கைப் பார்த்த பக்கம் பச்சையாகப் பாசி படிகிறது. கடையில் பையைத் தண்ணீருக்குள்ளேயே கட்டிக் கொடுத்தார்கள், நானும் தண்ணீருக்குள்ளேயே திறந்தேன், பஞ்சுக்கு ஆகாத காற்று படவே இல்லை. உப்பு 1.025, வெப்பம் 27, அம்மோனியா இல்லை, நைட்ரேட் 2. அழுக்கை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரும், கிருமியைக் கொல்லும் யூவி விளக்கும் நாள் முழுக்க ஓடுகின்றன. தீனியாக உறைந்த ஆர்ட்டீமியா (சின்ன உப்புநீர் இறால்) போடுகிறேன். பார்க்கவே மனசு கேட்கவில்லை, யாராவது சொல்லுங்கள்.

பட்டர்வொர்த்_மீன்:
ஏஞ்சல் மீன் ஏதாவது இருக்கிறதா? பெரிய ஏஞ்சல்களுக்குப் பஞ்சுதான் முக்கியமான சாப்பாடு. கடித்த இடம் என்றால் ஓரம் பிய்ந்து குழியாக இருக்கும், நுனி மட்டும் வெளுக்காது.

பாயான்_லெப்பாஸ்_டேங்க்:
இல்லை அண்ணே, ஒரு ஜோடி கிளவுன் மீனும் ஒரு கோபி மீனும் மட்டும்தான்.

கிள்ளான்_சம்ப்:
தம்பி, பஞ்சு பட்டினி கிடக்கிறது. நீங்கள் எழுதிய அளவுகளைப் பார்த்தாலே தெரிகிறது. ஆர்ட்டீமியா குஞ்சே அரை மில்லிமீட்டர் நீளம் இருக்கும், பஞ்சின் தோலில் இருக்கும் துளைக்குள் அது நுழையவே நுழையாது. அதற்கு வேண்டியது பாக்டீரியா, ஒன்றிரண்டு மைக்ரான் அளவுப் பாசி, அப்புறம் தண்ணீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருள். குராசாவ் தீவின் பஞ்சுகளை வைத்து 2013-இல் வந்த ஆய்வில், கண்ணுக்கே தெரியாத அந்தக் கரைந்த பொருளைப் பஞ்சு உறிஞ்சிக்கொண்டு, தன் பழைய செல்களைத் துகளாக உதிர்த்து மற்ற உயிர்களுக்குத் தீனியாக்குகிறது என்று காட்டினார்கள். உங்கள் டேங்கில் பாக்டீரியாவையும் பாசியையும் யூவி கொல்கிறது, மிச்சத்தை ஸ்கிம்மர் நுரையாக்கி வெளியே தள்ளிவிடுகிறது. பஞ்சு உடம்பில் இருக்கும் கையிருப்பை வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும், அதனால்தான் முதலில் நன்றாகத் தெரிந்தது. கடையில் விற்கும் சிவப்பு, ஆரஞ்சு விரல் பஞ்சுகள் பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன, எனக்கு அதில் ரொம்ப வருத்தம்.

செய்ய வேண்டியது: யூவியை நிறுத்துங்கள். உயிருள்ள பைட்டோ (தண்ணீரில் மிதக்கும் நுண்பாசி) வாங்குங்கள், நானோக்ளோராப்சிஸ் போலச் சின்ன ரகமாக, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். விட்டபின் இரண்டு மூன்று மணி நேரம் ஸ்கிம்மரை அணைத்து வைக்கலாம். இந்த ரகத்துக்கு வெளிச்சத்தால் எந்தப் பயனும் இல்லை, மேலே படிகிற பாசி துளைகளை அடைத்துவிடும், ஆகவே கல்லின் நிழலுக்கு மாற்றுங்கள். நீலப் பஞ்சு சில ரகங்களுக்குள் சயனோபாக்டீரியா இருக்கும், வெளிச்சம் கேட்பது அவைதான்.

தஞ்சோங்_பூங்கா_அக்கா:
நிழல் என்று சொன்னதும் தண்ணீர் ஓடாத மூலையில் வைத்துவிடாதே தம்பி, தூசி படிந்தாலும் மூச்சு அடைக்கும். பவர்ஹெட் பம்பு நேராக அடிக்காமல் பக்கவாட்டில் வந்து போகிற ஓட்டம் போதும். வெளுத்த நுனியை இன்றைக்கே வெட்டிவிடு. டேங்க் தண்ணீரை வாளியில் எடுத்து, பஞ்சைச் சின்னக் கிண்ணத்தோடு முக்கித் தண்ணீருக்குள்ளேயே மாற்று, புது பிளேடால் நல்ல சிவப்புச் சதைக்குள் கொஞ்சம் தள்ளி வெட்டு. செத்த சதை அழுகினால் 200 லிட்டரில் அம்மோனியா ஏறிவிடும், மீனும் சேர்ந்து போகும். இன்னொன்று, டேங்கைக் குளிர்விப்பது சில்லரா, விசிறியா?

பாயான்_லெப்பாஸ்_டேங்க்:
விசிறிதான் அக்கா. சாயந்திரம் வேலை முடிந்து வந்து ஆர்ஓ தண்ணீர் ஊற்றுவேன்.

தஞ்சோங்_பூங்கா_அக்கா:
நம் ஊர் வெயிலுக்கு விசிறி போட்டால் தண்ணீர் வேகமாக ஆவியாகும், உப்பு காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று என்று இருக்கும். பஞ்சால் உப்பின் அளவைத் தானாகச் சரிசெய்துகொள்ள முடியாது. குறைந்த தண்ணீரைத் தானாக நிரப்பும், மிதவை வைத்த ஆட்டோ டாப்பப் ஒன்று மாட்டு.

பாயான்_லெப்பாஸ்_டேங்க்:
வெட்டிவிட்டேன். ஒரு விரலின் உள்ளே சுத்தமான சிவப்பு. இன்னொன்று அடிவரை சாம்பல் நிறம், அழுகின வாடை, அதை முழுசாக எடுத்துவிட்டேன். யூவி நிறுத்தியாச்சு. வடிகட்டியில் இருக்கும் கார்பனையும் எடுத்துவிடவா, அதுவும் கரிமப் பொருளை உறிஞ்சுமே? இன்னொரு சந்தேகம், சம்ப்பின் இருட்டுப் பக்கம் குட்டி அன்னாசி போல வெள்ளையாக நிறைய முளைத்திருக்கிறது, அது என்ன?

கிள்ளான்_சம்ப்:
கார்பன் இருக்கட்டும். மீதிப் பஞ்சு திடீரென்று அழுகினால் வெளிவரும் நச்சை அதுதான் பிடிக்கும். காயம் மூடி நிறம் நிலைத்தபின் எடுப்பதைப் பற்றிப் பேசலாம். அந்த அன்னாசியும் பஞ்சுதான் தம்பி, சைகான் வகை, லைவ் ராக்கோடு (உயிர்கள் ஒட்டிய கடல் கல்) தானாக வந்திருக்கும். உடம்பு சுண்ணாம்பு முள்ளால் ஆனது, வெளிச்சம் வேண்டாம், தண்ணீர் ஓடினால் போதும். சம்ப்பைச் சுத்தம் செய்யும்போது அதைச் சுரண்டிவிடாதீர்கள், அங்கே தண்ணீர் மட்டம் கீழே இறங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்பின் நிறம் எப்படிப் போகிறது என்று அடுத்த வாரம் எழுதுங்கள், அதற்குள் மறுபடி நுனி வெளுத்தால் காத்திருக்காமல் வெட்டிவிட்டு அம்மோனியா பாருங்கள்.